வண்டி கட்டிய ஊரில் கிராம சபை ஏன் காலியாகக் கிடக்கிறது?

(சோமனூர் பக்கம் விசைத்தறியாளர்கள் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கமுங்க. தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மக்கள் சக்தி என்றால் என்னவென்று கொங்குச் சீமைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1970-இல் மின்கட்டணம் ஏறியதை எதிர்த்து நின்றபோது பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972-இல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளைக் கட்டிக்கொண்டு போய்க் கோவை நகரத்தையே ஸ்தம்பிக்க வைத்தார்கள். 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்ததற்குப் பின்னால் அந்த உயிர்களும் அந்த வண்டிகளும் இருக்கின்றன. பவானி ஆற்றின் உபரி நீரைக் குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தையும் பாருங்கள், தலைமுறை தலைமுறையாகக் கேட்டு, உண்ணாவிரதம் இருந்து, 2024 ஆகஸ்டில்தான் அது தொடங்கியது.

சரி, அந்தப் போராட்டங்களின் பலன் முதலில் யார் வீட்டுக்குப் போனது? பம்புசெட் இருந்தவர் வீட்டுக்கு. அதே தோட்டத்தில் களை எடுத்த அருந்ததியர் பெண்ணின் கூலியை அதே வேகத்தில் நாம் பேசவில்லை. இதைச் சொல்லாமல் பொருளாதார நீதி என்று பேச எனக்கு மனம் ஒப்பவில்லை.

உங்கள் நிலைமைக்கு வருவோம். பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளருடையது, தறியும் உழைப்பும் உங்களுடையது. கலெக்டர் முன்னிலையில் கூலி உயர்வு பேசி முடிக்கிறார்கள், கொஞ்ச நாளில் மார்க்கெட் சரியில்லை என்று சொல்லிக் குறைக்கிறார்கள், நாம் மறுபடி தறியை நிறுத்துகிறோம். ஒப்பந்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்கிறீர்கள், நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் உங்கள் தறியில் ராத்திரி ஷிப்ட் ஓட்டுகிறவருக்கும், ஒடிசாவிலிருந்து வந்து பக்கத்து ஸ்பின்னிங் மில்லில் விடுதியில் அடைபட்டிருக்கிற பெண்ணுக்கும் அதே பாதுகாப்பைச் சேர்த்துக் கேட்டால்தான் அந்தக் கோரிக்கைக்குப் பலம். மேலே இருப்பவர் நம்மை நசுக்க, நாம் கீழே இருப்பவரை நசுக்கினால் கடைசியில் யாரும் யாருக்காகவும் தெருவுக்கு வர மாட்டார்கள்.

இதையெல்லாம் பேசக் கிராம சபை இருக்கிறது, வருடத்துக்கு ஆறு முறை. ஊராட்சியின் வரவு செலவை அங்கே வைத்தாக வேண்டும், கேள்வி கேட்கிற உரிமை வாக்காளர் எல்லோருக்கும் உண்டு. 2016-இல் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை தேர்தலே இல்லை. 2025 ஜனவரியில் நம் மாவட்டங்களில் மறுபடி பதவிக்காலம் முடிந்து, ஊராட்சி அரசு நியமிக்கிற தனி அலுவலர் கைக்குப் போனது. தலைவர் நாற்காலி காலியான காலத்தில் கிராம சபையையும் காலியாக விட்டால் ஊர்ப் பணத்தைப் பற்றிக் கேட்க யார் மிச்சம்?

யார் வர முடிகிறது என்பதும் முக்கியமுங்க. கிராம சபை கூடுகிற நாட்களில் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் விடுமுறை நாள் இல்லை, அன்றைக்குப் பகல் 11 மணிக்குக் கூட்டம் போட்டால் கூலிக்காரர் எப்படி வருவார்? ஊர்க் கோயில் முன்னால் போட்டால் காலனிக்காரர் பின்னால்தான் நிற்பார். குக்கிராமம் குக்கிராமமாகச் சுழற்சியில் நடத்த வேண்டும் என்றே அரசு சொல்லியிருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த கிராம சபையை அருந்ததியர் தெருவில் வைக்கச் சொல்லி இப்போதே மனு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தறி ஓட்டுகிறவர் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். கூலிக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்கிற தீர்மானத்தை அவரே எழுந்து படிக்கட்டும், முதல் வரிசையில் உட்கார்ந்து நீங்கள் வழிமொழியுங்கள்.