443 நாட் அவுட்: பத்து ரன்ல நின்னுபோன உலக சாதனை

[திரை: ஸ்கோர் அட்டை, மகாராஷ்டிரா 826/4]

நிம்பால்கர் 443. அவுட்டும் ஆகல, கேப்டன் போதும்னு டிக்ளேரும் பண்ணல. அப்புறம் இன்னிங்ஸ் எப்படி முடிஞ்சுது? எதிரணி மூட்டையைக் கட்டிடுச்சு.

1948 டிசம்பர், புனே. ரஞ்சிக் கோப்பை. கத்தியவார் (இன்னிக்கு குஜராத்ல இருக்கிற பகுதி) அணி முதல்ல ஆடி 238க்குச் சுருண்டுது. மகாராஷ்டிராவுக்கு ஒன் டவுன், அதாவது மூணாவது ஆளா இறங்கினவர் கோலாப்பூர்க்காரர் பி.பி. நிம்பால்கர். நாலு நாள் முன்னாடிதான் 29 வயசு முடிஞ்சிருந்துது. கே.வி. பண்டார்கரோட சேர்ந்து ரெண்டாவது விக்கெட்டுக்கு மட்டும் 455. பண்டார்கர் 205ல கிளம்பிட்டார், இவர் அசையல.

[திரை: 494 நிமிஷம், 49 பவுண்டரி, 1 சிக்ஸர்]

கணக்குப் போடுங்க. பவுண்டரி, சிக்ஸர்ல வந்தது 202. மீதி 241 ரன்னும் ஓடி எடுத்தது! அப்படியும் மணிக்குச் சுமார் 54 ரன் வேகம்.

முதல்தர கிரிக்கெட்ல, அதாவது டெஸ்ட், ரஞ்சி மாதிரி பல நாள் ஆட்டங்கள்ல, அப்போ உலக சாதனை ஆஸ்திரேலியாவோட பிராட்மேன் 1930ல சிட்னியில அடிச்ச 452 நாட் அவுட். சமன் பண்ண 9, தாண்ட 10. இவர் போன வேகத்துக்குப் பதினோரு நிமிஷ வேலை.

அதுக்குள்ள இடைவேளை. கத்தியவார் கேப்டன் தாக்கூர் சாகேப், ராஜ்கோட் சமஸ்தான அரசர், இனி ஆடலன்னு மேட்ச்சை விட்டுக்கொடுத்துட்டார். ஒரு அணி விட்டுக்கொடுத்தா மேட்ச் அங்கேயே முடிஞ்சுது. கிரீஸ்ல நிக்கிறவர் 443ல இருந்தாலும் சரி, 3ல இருந்தாலும் சரி.

ஒரு விதத்துல அவங்க ஆடி ஆகப்போறதும் ஒண்ணுமில்ல. ஆட்டம் டிரா ஆனா அந்தக் கால ரஞ்சியில முதல் இன்னிங்ஸ் லீட் எடுத்தவங்கதான் ஜெயிச்சவங்க. இங்க லீட் 588! ஆனா பத்து ரன்னுக்குப் பொறுக்காம போனதுக்கு அது காரணமாகாது. சாதனைப் பட்டியல்ல நம்ம பௌலிங் பேர் வந்துடக் கூடாதுன்னுதான் போனாங்கன்னு ஒரு பேச்சு.

[திரை: 1948-49, வெஸ்ட் இண்டீஸ் சுற்றுப்பயணம்]

அந்த நேரத்துல வெஸ்ட் இண்டீஸ் நம்ம நாட்டுலதான் அஞ்சு டெஸ்ட் ஆடிட்டு இருந்தாங்க. இந்த இன்னிங்ஸ் முடிஞ்சு ரெண்டே வாரத்துல கல்கத்தா டெஸ்ட். நிம்பால்கருக்கு இடமில்ல. மிடில் ஆர்டர்ல அவ்வளவு நெரிசல்: அந்தத் தொடர்ல ரூசி மோடி 560 ரன், ஹசாரே 543. முதல்தரத்துல 4,841 ரன், சராசரி 47.93 வச்சிருந்த நிம்பால்கர் கடைசிவரைக்கும் ஒரு அதிகாரபூர்வ டெஸ்ட்கூட ஆடல.

ரஞ்சியில 443தான் இன்னிக்கும் உச்சம். பிராட்மேனோட 452ஐ 1959ல கராச்சியில ஹனிஃப் முகமது தாண்டினார். அவர் 499ல ரன் அவுட். அது தனி வீடியோ.