ஒரு நாளைக்கு ஓர் இடம்: பிள்ளைகளோடு சென்னை

நேயர்களுக்கு என் வணக்கம்.

பள்ளி விடுமுறை விட்டதும் வெளியூர்ச் சொந்தக்காரர்களிடமிருந்து போன் வரத் தொடங்கிவிடும். "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வருகிறோம், எங்கெங்கே போகலாம்?" என்று கேட்பார்கள். கையில் ஒரு பட்டியலும் வைத்திருப்பார்கள். காலையில் வண்டலூர் மிருகக்காட்சிசாலை, மத்தியானம் எழும்பூர் மியூசியம், சாயங்காலம் கோட்டூர்புரம் கோளரங்கம், இருட்டினால் மெரினா. நான் அவர்களிடம் சொல்வதைத்தான் இன்று உங்களிடமும் சொல்ல வந்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். அந்த இடத்திலும் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்பதில்லை.

எழும்பூர் மியூசியத்தையே எடுத்துக்கொள்வோம். 1851-இல் தொடங்கியது. சிற்பம், விலங்குகள், நாணயம், ஓவியம் என்று பல கட்டடங்கள். மொத்தத்தையும் ஒரே மூச்சில் சுற்றக் கிளம்பினால், பாதியிலேயே பிள்ளைகள் "கால் வலிக்குது" என்று உட்கார்ந்துவிடுவார்கள். நேராகச் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்துக்குப் போங்கள்.

அங்கே முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பீடத்தைக் காட்டுங்கள். பல திருமேனிகளின் பீடத்தில் துளைகளோ வளையங்களோ இருக்கும். அவை எதற்கு என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். ஊர்த் திருவிழாவில் சாமி புறப்பாடு பார்த்த பிள்ளை பதிலைத் தானே சொல்லிவிடும். கருவறையில் இருக்கும் மூலவர் இடம்விட்டு நகர்வதில்லை. வீதிக்கு வருகிறவர் உற்சவர். தூக்கி வரும்போது ஆடாமல் அசையாமல் கம்போடு சேர்த்துக் கட்டத்தான் அந்தத் துளைகள். இது தெரிந்துவிட்டால், கண்ணாடிக்குள் நிற்கும் அந்த உருவம் ஒரு காலத்தில் நாதசுரத்தோடு தெருவில் வந்த சாமி என்பது பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

அடுத்து, இதை எப்படிச் செய்தார்கள் என்ற கேள்வி வரும். முதலில் மெழுகில் முழு உருவத்தையும் செய்வார்கள். மேலே மண் பூசிக் காயவைத்துச் சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். உள்ளே உண்டான வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அதனால் ஓர் அச்சுக்கு ஒரே சிலைதான். சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றைக்கும் இப்படித்தான் வார்க்கிறார்கள். கும்பகோணம் பக்கம் போகிறவர்கள் அதையும் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம்.

இந்தத் திருமேனிகளில் பல, மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவை. படையெடுப்புக்குப் பயந்து யாரோ புதைத்து வைத்தது, வெகு காலம் கழித்து வயலிலோ வீட்டு அஸ்திவாரத்திலோ தட்டுப்படும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அப்படிக் கிடைத்தவை அரசிடம் வந்து, மியூசியம் சேர்ந்தன. தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் என்றால், ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த பொருள்களையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். தங்கள் ஊர் மண்ணிலிருந்து வந்தது என்றால் அவர்கள் நிற்கும் விதமே வேறு.

வண்டலூருக்கும் இந்த மியூசியத்துக்கும் ஓர் உறவு உண்டு. மியூசியத்துக்குப் பொறுப்பாக இருந்த எட்வர்ட் பால்ஃபோர் 1855 வாக்கில் அந்த வளாகத்திலேயே விலங்குகளை வைத்து வளர்க்கத் தொடங்கினார். வேடிக்கை பார்க்க ஜனங்கள் திரண்டார்கள். பிறகு அந்த விலங்குகள் சென்ட்ரல் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. பழைய சென்னைவாசிகள் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும், மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்றும் சொல்வார்கள். 1985-இல்தான் அது வண்டலூருக்கு இடம் மாறியது. அங்கே சுமார் 600 ஹெக்டேர் இடம். வெயில் ஏறிவிட்டால் புலியும் சிங்கமும் நிழல் தேடிப் படுத்துவிடும், பார்க்க ஒன்றும் இருக்காது. திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் கிண்டிப் பாம்புப் பண்ணை. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 1972-இல் இதை அங்கே கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போக வேண்டிய இடம் இது என்பேன். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், இந்த நான்கையும் நிதானமாகப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளட்டும். கண்ணாடிவிரியனின் உடம்பில் சங்கிலி கோத்ததுபோல் வட்டங்கள் ஓடும். கட்டுவிரியன் கருத்த உடம்பில் மெல்லிய வெள்ளைக் கட்டுகள். அப்புறம் சாரைப்பாம்பைக் காட்டுங்கள். நல்லபாம்பு என்று நினைத்து எத்தனை சாரைகளை அடித்துக் கொல்கிறோம்! வயல் எலியைத் தின்று விவசாயிக்கு உதவுகிற பிராணி அது, விஷம் கிடையாது. பாம்பு கடித்தால் வாயால் உறிஞ்சுவது, கத்தியால் கீறுவது எதுவும் கூடாது, நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் அங்கே வைத்தே சொல்லிவிடுங்கள். பாம்பு கண்ணெதிரே இருக்கும்போது சொன்னால் மனதில் நிற்கும்.

பண்ணையை ஒட்டியே சிறுவர் பூங்காவும் இருக்கிறது. அதற்கு அப்பால் விரிவது கிண்டி தேசியப் பூங்கா. 1978-இல் அறிவிக்கப்பட்டது, மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனாலும் நகரத்துக்கு நடுவே புள்ளிமானும் வெளிமானும் திரிகிற காடு. வெளிமானில் வளர்ந்த கிடா கருப்பாக, முறுக்கிய கொம்போடு இருக்கும். பெட்டை வெளிர் பழுப்பு.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று அந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியை அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பாடப் புத்தகத்தில் படித்த நாள் அது. அந்த நாளில் பறந்த துணியே எதிரில் இருக்கிறது.

கிளம்புமுன் ஒன்றைக் கவனியுங்கள். எழும்பூர் மியூசியத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை, வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை. வண்டலூருக்கு பீச் ஸ்டேஷனிலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலே போதும், வண்டலூர் ஸ்டேஷனில் இறங்கிக்கொள்ளலாம். எழும்பூருக்கும் கிண்டிக்கும் மின்சார ரயில், மெட்ரோ இரண்டும் உண்டு. தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் மறக்காதீர்கள். வணக்கம்.