ஆப்கான் என்றால் யார்?

வணக்கம் நண்பர்களே. ஆப்கானிஸ்தானில் பிறந்தவர் எல்லோரையும் நாம் ஆப்கான் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்த நாட்டின் வேறு இனங்களைச் சேர்ந்த ஒரு ஹசாராவிடமோ தாஜிக்கிடமோ அப்படிச் சொன்னால், சிலர் ‘நான் ஆப்கானிஸ்தானி’ என்று உடனே திருத்துவார்கள். ஏன் என்று பார்க்க வரலாற்றில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முதலில் ஆப்கான் என்பது ஒரே ஓர் இனத்தின் பெயர். இன்று பஷ்தூன், பட்டாணியர் என்று சொல்கிறோமே, அவர்கள்தான். 16ஆம் நூற்றாண்டில் காபூலை ஆண்ட பாபர், அங்கே பதினொன்று பன்னிரண்டு மொழிகள் பேசப்படுவதாகத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். பாரசீகம், துருக்கி, அரபி, இந்தி என்று போகும் பட்டியலில் ‘ஆப்கானி’யும் ஒன்று. அதாவது, அப்போது காபூலில் இருந்த பலரில் ஆப்கான்களும் ஒரு பிரிவினர், அவ்வளவுதான்.

1747இல் அகமத் ஷா துரானி கந்தகாரில் அரியணை ஏறினார். அதைத் தேசம் பிறந்த ஆண்டு என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. அது பஷ்தூன் குலங்களைச் சேர்த்துக் கட்டிய பேரரசு. இன்றைய எல்லைகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வரையப்பட்டன. 1893இல் பிரிட்டிஷ் இந்தியாவுடனான எல்லையாக வந்த டியூராண்ட் கோடு பஷ்தூன்களையே இரண்டாகப் பிரித்தது.

அந்த எல்லைக்குள் இருந்தவர்களை அப்போது நாட்டை ஆண்ட அமீர் அப்துர் ரஹ்மான் இரும்புக் கரத்தால் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தார். 1890களின் தொடக்கத்தில் கிளர்ந்தெழுந்த ஹசாராக்கள் பெருமளவில் கொல்லப்பட்டார்கள், நிலத்தை இழந்தார்கள், அடிமைகளாக விற்கப்பட்டார்கள். பலர் இன்றைய பாகிஸ்தானில் உள்ள குவெட்டாவுக்கும் ஈரானில் உள்ள மஷாதுக்கும் தப்பி ஓடினார்கள். அந்தக் குடும்பத்தில் வந்த ஒருவர் ‘ஆப்கான்’ என்ற பெயரை ஏற்கத் தயங்கினால், அதைத் தேசத் துரோகம் என்று சொல்வது பெரிய அநியாயம்.

அப்புறம் சட்டம் வந்தது. 1964 அரசியலமைப்பு, குடிமகன் ஒவ்வொருவரும் ஆப்கான்தான் என்றது. 2004இல் வந்தது இன்னும் ஒரு படி மேலே போய், பதினான்கு இனங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அதில் பிராகுயி இனமும் உண்டு. அவர்கள் மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது, நம் தமிழுக்கு உறவு! அதைப் படித்தபோது எனக்கு மனசு நிறைந்துபோனது.

ஆனாலும் சண்டை ஓயவில்லை. தஸ்கிரா எனப்படும் அடையாள அட்டையை மின்னணு அட்டையாக மாற்றும்போது, அதில் ‘ஆப்கான்’ என்று போடலாமா என்பதே வருடக்கணக்கில் இழுபட்டது. 2018 பிப்ரவரியில் அதிபர் அஷ்ரஃப் கனி முதல் அட்டையை வாங்கினார். அவருடைய ஆட்சியில் பங்காளியாக இருந்த அப்துல்லா அப்துல்லாவே அதை எதிர்த்தார். முழுமையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த நாட்டில் நடந்ததே இல்லை, 1979இல் தொடங்கியதும் பாதியில் நின்றது. எந்த இனம் எத்தனை பேர் என்பதே அங்கே அரசியல்.

சரி, இதை வெறும் இனச் சண்டையாக மட்டும் பார்க்கக் கூடாது என்பதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்த சில நாட்களில், ஜலாலாபாத்தில் மக்கள் கறுப்பு, சிவப்பு, பச்சைக் கொடியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனது. ஜலாலாபாத் பஷ்தூன்கள் நிறைந்த ஊர், தாலிபான் தலைமையும் பெரும்பாலும் பஷ்தூன். தங்கள் இனத்தவரின் ஆட்சியையே எதிர்த்து அவர்கள் ஏந்தியது நாட்டின் கொடியை.