ஓர் ஒற்று செய்யும் வேலை

அவையில் கூடியிருக்கும் தமிழன்பர்களுக்கு என் வணக்கம். எழுத்தில் மலிந்துவரும் பிழைகளைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறீர்கள். அச்சகத்தில் புரூஃப் பார்ப்பதையே, அதாவது மெய்ப்புத் திருத்துவதையே, நெடுங்காலம் தொழிலாகக் கொண்டிருந்தவன் நான். ஆகவே இலக்கண ஆசிரியரின் இருக்கையிலிருந்து பேசாமல், மெய்ப்புத் தாளும் சிவப்பு மையுமாக வாழ்ந்தவனின் இடத்திலிருந்தே பேச விரும்புகிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தந்தையின் நினைவு நாளுக்காக ஒருவர் அட்டை அச்சிடக் கொடுத்திருந்தார். 'எங்கள் தந்தையார் இறந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில்' என்று தொடங்கும் நான்கே வரிகள். அச்சுக்கோப்பவர் 'இறந்து' என்பதை 'இரந்து' என்று கோத்துவிட்டார். மெய்ப்பைப் பார்த்த நானும் அதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். அட்டைகளை வாங்க வந்தவர் ஒன்றை எடுத்துப் படித்தார், மறுபடியும் படித்தார், பிறகு குரலை உயர்த்தாமல், "எங்கள் அப்பா யாரிடமும் கையேந்தியவர் இல்லை, ஐயா" என்றார். இரத்தல் என்றால் பிச்சை கேட்டல். அட்டைகளை மறுநாளே மாற்றி அடித்துக் கொடுத்துவிட்டோம். ஆனால் அவர் படித்துவிட்டு நிமிர்ந்த அந்த முகம் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அதன்பிறகு ரகர றகரத்தை நான் ஒருமுறைக்கு இருமுறை பார்க்காமல் விட்டதில்லை.

பிழையைக் கண்டு ஒருவர் எரிச்சல் அடைந்தால், அது படித்தவர்களின் செருக்கு என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாக்கியத்தை ஐயத்துக்கு இடமில்லாமல் அமைப்பது எழுதுகிறவரின் கடமை. அவர் செய்யாமல் விட்ட வேலை படிப்பவரின் தலையில் விழுகிறது. ஒவ்வொரு வரியிலும் நின்று, இவர் எதைச் சொல்ல வந்திருப்பார் என்று ஊகித்து, மனத்துக்குள் திருத்திக்கொண்டு, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து மேலே போகவேண்டியிருக்கிறது. அந்தச் சலிப்புதான் எரிச்சலாக வெளிப்படுகிறது. எனவே எல்லாப் பிழைகளையும் நான் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதில்லை. பொருளைக் கெடுக்கிற பிழை வேறு, வழக்கத்திலிருந்து சற்று விலகுகிற பிழை வேறு.

எழுத்து மயக்கங்களை விரைவாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். வானொலி ஒலிபரப்பும், தொலைக்காட்சி ஒளிபரப்பும். நாய் குரைக்கும், விலையைக் குறைப்பார்கள். பதறு என்பதிலிருந்து வருவது பதற்றம். 'பதட்டம்' என்பது பேச்சு வழக்கு எழுத்தில் புகுந்தது. கல்லாமை, நில்லாமை என்பவற்றைப் போல 'அருகாமை' என்பதும் எதிர்மறைப் பொருளைத் தரும் அமைப்பு உடையது. அருகில் என்றோ அண்மையில் என்றோ எழுதினால் போதும். இவற்றுள் என்னை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. ஆர்தல் என்றால் நிறைதல். உள்ளம் நிறைந்து சொல்வதை 'உளமார உறுதி கூறுகிறேன்' என்கிறோம். அதையே 'உளமாற' என்று எழுதிவிட்டால், உள்ளம் மாறும்படி என்று பொருள்பட்டு, உறுதிமொழியின் அடிப்படையே சரிந்துவிடுகிறது. ஓர் எழுத்தில் இவ்வளவு இருக்கிறது.

இனி, ஒற்றுக்கு வருகிறேன். இரு சொற்களுக்கு நடுவே க், ச், த், ப் என்ற வல்லின மெய்கள் மிகுவதைப் பலர் அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். போட்டால் அழகு, போடாவிட்டாலும் குற்றமில்லை என்று எண்ணுகிறார்கள். 'வேலை கொடு' என்றால் பணி கொடு என்று பொருள். 'வேலைக் கொடு' என்றால் வேல் என்னும் ஆயுதத்தைக் கொடு என்று பொருள். 'தந்த பலகை' ஒருவர் நமக்குக் கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் ஆனது. மருந்து விற்கும் இடம் 'மருந்துக் கடை'. அந்தக் ககர ஒற்றை எடுத்துவிட்டால், மருந்தைக் கடையுமாறு யாருக்கோ கட்டளையிட்டதாகிவிடும். 'கைமாறு' என்றால் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போதல். 'கைம்மாறு' என்றால் செய்த உதவிக்குத் திரும்பச் செய்யும் நன்றி.

இது புலவர்கள் அறையில் உட்கார்ந்து வகுத்த விதி அன்று. நம் வாயிலிருந்து பிறந்தது. 'பக்கம்' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'பகல்' என்று சொல்லிப் பாருங்கள். இரட்டித்த ககரம் வன்மையாக ஒலிக்கிறது. உயிர்களுக்கு இடையே தனித்து நிற்கும் ககரம் மென்மையாகிவிடுகிறது. சொற்கள் சேரும் இடத்திலும் இதுவே நடக்கிறது. 'அவனைப் பார்த்தேன்' என்பதை இயல்பாகப் பேசுகிற எவரும் அந்தப் பகரத்தை அழுத்தியே சொல்கிறார். நாவு செய்வதைக் கை செய்ய மறந்துவிட்டது, அவ்வளவுதான். தொழில் பழக வந்த இளைஞர்களுக்கு நான் முதலில் மூன்று இடங்களை மட்டுமே சொல்லிக்கொடுப்பேன். ஐ என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்பட்டு நிற்குமிடம், கு என்னும் நான்காம் வேற்றுமை உருபு வெளிப்பட்டு நிற்குமிடம், அந்த, இந்த, எந்த என்னும் சொற்களை அடுத்த இடம்: இம்மூன்றிலும் வல்லினம் தவறாமல் மிகும். 'பாடத்தைப் படித்தான்', 'ஊருக்குப் போனான்', 'அந்தக் கதவு'. இவற்றை மட்டும் கைப்பழக்கமாக்கிக் கொண்டவர்களின் தாள்களில் என் சிவப்பு மை பாதியாகக் குறைந்துவிடும்.

ஒற்றை விடுவது ஒரு குறை என்றால், அச்சத்தால் கண்ட இடமெல்லாம் ஒற்றைப் போடுவது இன்னொரு குறை. பின்னது இப்போது பெருகிவருவதைக் காண்கிறேன். 'வந்தப் பையன்' என்றும் 'படித்தப் புத்தகம்' என்றும் எழுதுகிறார்கள். வந்த, படித்த என்னும் பெயரெச்சங்களின் பின் வல்லினம் மிகாது. 'ஓடாத குதிரை' என்பதிலும் மிகாது. ஆனால் ஈறு கெட்டு, அதாவது கடைசி எழுத்து மறைந்து, 'ஓடா' என்று நின்றால் 'ஓடாக் குதிரை' என்று மிகும். 'இரவுபகல்', 'செடிகொடி' போன்று உம் மறைந்து நிற்கும் உம்மைத்தொகைகளிலும், 'சுடுகாடு' போன்று காலம் மறைந்து நிற்கும் வினைத்தொகைகளிலும் மிகாது. இவற்றைவிட மோசமானவை 'முயற்ச்சி', 'அதற்க்கு', 'கற்ப்பனை' போன்றவை. தமிழ்ச் சொல்லுக்குள் இரண்டு மெய்கள் புள்ளியோடு அடுத்தடுத்து நிற்கவேண்டுமானால், முதலில் நிற்பது ய், ர், ழ் என்னும் மூன்றில் ஒன்றாக இருக்கவேண்டும். வாய்ப்பு, பார்த்து, வாழ்த்து என்று சொல்லிப் பார்த்தால் விளங்கும். றகர மெய்யை அடுத்து இன்னொரு புள்ளி வைத்த எழுத்தை நாவே ஏற்பதில்லை. முயற்சி, அதற்கு, கற்பனை: இவ்வளவுதான்.

வாக்கியத்துக்குள் எழுவாயும் பயனிலையும் ஒன்றையொன்று கைவிட்டுவிடுவது அடுத்த குறை. 'ஒவ்வொரு மாணவர்களும்' என்ற தொடரைப் பார்க்காத நாளே இல்லை. ஒவ்வொரு என்று தனித்தனியாகப் பிரித்த பிறகு அங்கே பன்மைக்கு இடம் ஏது? ஒவ்வொரு மாணவரும் என்பதே சரி. 'மாடுகள் மேய்கிறது' என்பது பேச்சில் இயல்பு. எழுத்தில் 'மேய்கின்றன' என்றே வரவேண்டும். படித்தவர்களும் சறுக்கும் இடம் நீண்ட வாக்கியம். 'சாலைகளில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கை அதிகரித்துள்ளன' என்று எழுதிவிடுகிறார்கள். வினைமுற்றுக்கு வந்து சேர்வதற்குள் சாலைகள், வண்டிகள் என்னும் பன்மைகள் காதில் ஒலித்துக்கொண்டே இருப்பதால், எண்ணிக்கை என்னும் ஒருமை எழுவாயை மறந்துவிடுகிறார்கள். வினைமுற்றை எழுதுமுன் எழுவாயை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்ப்பது என் பழக்கம். இன்றுவரை அதை விடவில்லை.

'மற்றும்' என்னும் சொல்லைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். 'அண்ணன், தம்பி மற்றும் தங்கை வந்தனர்' என்பது ஆங்கில வாக்கியத்துக்குத் தமிழ்ச்சட்டை மாட்டியது. 'அண்ணனும் தம்பியும் தங்கையும் வந்தனர்' என்று சொல்ல நமக்கு உம் என்னும் இடைச்சொல் இருக்கிறது. அந்த உம்மே சொற்களைப் பிரித்தும் சேர்த்தும் காட்டிவிடுவதால், நடுவே காற்புள்ளி தேவையில்லை. 'அண்ணனும், தம்பியும்' என்று இரண்டையும் போடுவது ஒரு கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் இடுவதாகும்.

நிறுத்தக்குறிகளில் நம்மவர்கள் தடுமாறுவதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில் சொற்களுக்கு இடையே இடைவெளி விடும் வழக்கமே இல்லை. ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்காமல் விட்டார்கள். எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் இன்று நாம் வேறுபடுத்தி எழுதும் முறையே, 1680இல் இத்தாலியில் பிறந்து 1747வரை வாழ்ந்த வீரமாமுனிவரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. தமிழில் அச்சு நூல் 1578இலேயே வந்துவிட்ட போதிலும், உரைநடையில் நிறுத்தக்குறிகள் வேரூன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். ஆறுமுக நாவலர் அவற்றை முறையாகக் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவர். ஆகவே இவை நமக்குப் புதியவை என்பது உண்மை. ஆனால் புதியவை என்பதாலேயே தேவையற்றவை ஆகிவிடமாட்டா.

'அவள் அக்காள் வீட்டுக்குப் போனாள்' என்ற வரியை எடுத்துக்கொள்வோம். போனவள் யார்? 'அவள், அக்காள் வீட்டுக்குப் போனாள்' என்றால் தங்கை போனாள். 'அவள் அக்காள், வீட்டுக்குப் போனாள்' என்றால் அக்காள் போனாள். பேச்சில் ஒரு மூச்சு நிறுத்தம் செய்வதைத் தாளில் ஒரு காற்புள்ளி செய்கிறது. இடைவெளியும் அப்படித்தான். 'பழைய புத்தகக்கடை' என்றால் கடை பழையது. 'பழையபுத்தகக் கடை' என்றால் புத்தகங்கள் பழையவை. 'அவர் வருவாரா என்று கேட்டேன்' என்பதன் இறுதியில் பலர் வினாக்குறி இடுகிறார்கள். அங்கே கேட்டேன் என்று நான் செய்தி சொல்கிறேனேயன்றி யாரையும் வினவவில்லை, முற்றுப்புள்ளியே வரவேண்டும். மூன்று நான்கு வியப்புக்குறிகளை வரிசையாக நிறுத்துவதால் வியப்பு கூடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எதை நான் விட்டுவிடுவேன் என்றும் கேட்பீர்கள். 'வாழ்த்துகள்' என்பதா, 'வாழ்த்துக்கள்' என்பதா என்பதில் அறிஞர்களே இரு அணியாக நிற்கிறார்கள். நான் ஒற்றில்லாமல் எழுதுகிறேன். ஒற்றோடு எழுதுபவரைத் திருத்துவதில்லை, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். ஒருமைக்கு அன்று, பன்மைக்கு அல்ல என்பது விதி. எனினும் 'அது அல்ல' என்று எழுதுபவரிடம் இந்நாளில் நான் சண்டைக்குப் போவதில்லை, ஏனெனில் அதனால் பொருள் மயங்குவதில்லை. பள்ளிப் பாடநூலிலும் அறிவிப்புப் பலகையிலும் பிழை இருந்தால் அதைப் பொறுப்பானவர்களுக்கு எழுதித் தெரிவிக்கத் தயங்கமாட்டேன். ஒருவர் தம் கைப்பட எழுதும் கடிதம் வேறு.

பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு எங்கள் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டிய நண்பர் ஒருவர், நான் ஓய்வு பெற்றபோது ஒரு கடிதம் எழுதியிருந்தார். 'தாங்கள் நெடுநாள் வாழ மனமாற வாழ்த்துகிறேன்' என்பது அதன் கடைசி வரி. அந்தக் கடிதத்தில் சிவப்பு மை தொட எனக்கு மனம் வரவில்லை. 'தங்கள் அன்புக்கு மனமார நன்றி' என்று பதில் எழுதி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து வந்த அடுத்த கடிதத்தில், கடைசி வரி 'மனமார' என்றே இருந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொண்டதில்லை.