கோடுகளைக் குறைத்தால் மட்டும் அர்த்தம் வந்துவிடுமா?

அடுத்த கேள்வி. "ஒரு எழுத்துகூட இல்லாத சின்னம் பார்த்ததும் எப்படிப் புரிந்துவிடுகிறது, கோடுகளைக் குறைத்தால் போதுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

போதாது. டிசைன் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

கட்டடங்களில் அவசர வழியைக் காட்டும் பச்சைப் பலகையை நினைத்துப் பாருங்கள். ஒரு கதவு, அதற்குள் ஓடுகிற ஒரு ஆள், அவ்வளவுதான். ஜப்பானில் வடிவமைப்பாளர் யூகியோ ஓட்டாவும் அவருடன் இருந்தவர்களும் 1970களின் கடைசியில் உருவாக்கியது. அந்த ஆளுக்கு முகம் இல்லை, விரல் இல்லை, சட்டை இல்லை. ஆனால் உடம்பு முன்னால் சாய்ந்திருக்கிறது, கால்கள் அகல விரிந்திருக்கின்றன. அந்தச் சாய்வை மட்டும் நிமிர்த்திப் பாருங்கள், "ஓடு" என்பது போய் "இங்கே ஒருவர் நிற்கிறார்" என்று ஆகிவிடும். முகம் வரைந்திருந்தால் யார் இவர் என்று ஒரு நொடி பார்க்கத் தோன்றும், புகைக்கு நடுவில் அந்த ஒரு நொடி பெரிய விஷயம்.

சரி, இப்போது கதிரியக்க எச்சரிக்கைச் சின்னத்துக்கு வாருங்கள். நடுவில் சின்ன வட்டம், சுற்றி மூன்று இதழ்கள். 1946இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. எளிமை என்றால் அப்படி ஒரு எளிமை, ஆனால் சொல்லித்தராவிட்டால் அது ஏதோ விசிறி மாதிரிதான் தெரியும். அதனால்தான் 2007இல் சர்வதேச அணுசக்தி முகமையும், உலகத் தரநிலைகளை வகுக்கும் ஐ.எஸ்.ஓ. அமைப்பும் சேர்ந்து, 11 நாடுகளில் மக்களிடம் காட்டிச் சோதித்துவிட்டு, கூடுதலாக இன்னொன்றைக் கொண்டுவந்தன: சிவப்பு முக்கோணம், மேலே அதே இதழ்களிலிருந்து பாயும் கதிர்கள், கீழே மண்டையோடும் விலகி ஓடுகிற ஒரு ஆளும். ஆபத்தான கதிரியக்கப் பொருள் உள்ள கருவியை யாராவது தெரியாமல் பிரிக்கப் போனால் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டுவதற்காக. பழையதைவிட இதில் கோடுகள் அதிகம், ஆனால் பார்க்கிறவரிடம் "கையை எடு, ஓடு" என்று நேராகச் சொல்கிறது. எனக்கு இதுதான் நல்ல டிசைன்.

நோய்க்கிருமி மாதிரியான ஆபத்தைக் குறிக்கும் உயிரியல் அபாயச் சின்னம் மட்டும் வேறு வழியில் போனது. 1966இல் உருவான அதை, மனதில் நிற்க வேண்டும், ஆனால் முன்கூட்டியே எந்த அர்த்தமும் ஒட்டியிருக்கக் கூடாது என்று வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள். அர்த்தத்தைப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் சரி.

அப்புறம், நீங்கள் ஏதாவது வரைந்தால், விஷயம் தெரியாத ஒருவரிடம் இரண்டு நொடி காட்டிவிட்டு மூடிவிடுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள், "இதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் "அழகாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால், திரும்ப வரைய உட்காருங்கள்.