மாடி அறையும் அத்தையின் கையெழுத்தும்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம். மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்குப் பிளான் வரைந்து, அனுமதிக்கு மனுப் போட்டுக் கொடுப்பது என் தொழில். கிராமத்தில் வீட்டை எடுத்துக் கட்ட அனுமதி வாங்குவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பிளானைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். படம் காட்டாமல் பிளானைப் பற்றி என்ன பேசுவது? நான் பேசப்போவது பட்டாவைப் பற்றி.

வெள்ளையடிக்கிறீர்கள், தரைக்கு டைல்ஸ் போடுகிறீர்கள், உடைந்த ஓட்டை மாற்றுகிறீர்கள் என்றால் யாரும் பிளான் கேட்பதில்லை. மாடியில் ஓர் அறை எழுப்புகிறீர்கள், கொல்லைப் பக்கம் அடுப்படியை நீட்டுகிறீர்கள் என்றால் அனுமதி வேண்டும். "எங்க ஊர்ல யாரு கேக்கப் போறா?" என்பார்கள். கேட்க மாட்டார்கள்தான், நீங்கள் வங்கிக்குக் கடனுக்குப் போகிற வரைக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் மேல் கோபம் வராத வரைக்கும்.

ஒருவர் கதையைச் சொல்கிறேன். ஊர், பெயர் வேண்டாம். மகனுக்குப் பெண் பார்த்தாகிவிட்டது, மாடியில் ஓர் அறை போட வேண்டும். கொத்தனார் காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டுக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு வந்தார். கம்பி, சிமெண்டு விலையெல்லாம் விசாரித்து வைத்திருந்தார். பட்டாவைக் காட்டுங்கள் என்றேன். அது அவருடைய தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

"அதனால என்ன சார்? வீட்டு வரி என் பேர்லதான் கட்டுறேன். கரண்டு பில்லும் என் பேர்லதான் வருது" என்றார். இதை எல்லோரும் சொல்வார்கள். வரி ரசீது என்பது நீங்கள் வரி கட்டியதற்கு ஆதாரம், அவ்வளவுதான். இடம் உங்களுடையது என்று அது சொல்லாது. மறுபடியும் சொல்கிறேன், வரி ரசீது வேறு, பட்டா வேறு.

தாத்தாவுக்கு வாரிசு இரண்டே பேர். இவருடைய அப்பாவும், உசிலம்பட்டியில் வாக்கப்பட்ட அத்தையும். அப்பா இல்லை. அம்மா கூடவே இருக்கிறார், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் அத்தைதான். "சீர் செஞ்சு அனுப்பியாச்சே, அத்தைக்கு என்ன பங்கு?" என்று கேட்டார். தாத்தா உயில் எழுதாமல் போனதால், அவர் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் சரி பங்கு என்று 1956-லேயே சட்டம் வந்துவிட்டது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பிறப்புரிமை என்று தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்தது, 2005-இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. எத்தனை பவுன் போட்டு அனுப்பினாலும் பங்கு பங்குதான்.

சரி, அத்தையிடம் போய்க் கேட்கலாம் என்றால், இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் ஒரு பழைய கதை. அத்தை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். தாய்மாமன், அதாவது இவருடைய அப்பா, சீரோடு வந்து சேரத் தாமதம். நல்ல நேரம் போகிறது என்று ஒரு பங்காளி மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். தாய்மாமன் தட்டைத் திண்ணையிலேயே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். அன்றைக்கு விட்ட பேச்சு. காது குத்தப்பட்ட பையனுக்கு இப்போது அவன் பிள்ளைக்கே காதுகுத்தி முடித்தாயிற்று. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பன் முன்னால் சத்தியம் செய்து தீர்த்துக்கொள்ளலாம் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். கருப்பன் சத்தியத்துக்குச் சாட்சி நிற்பார், பத்திர ஆபீஸுக்கு வந்து கையெழுத்துப் போட மாட்டாரே!

நான் அவரிடம் ஒன்றுதான் சொன்னேன். முதல் தடவை போகும்போது காகிதம் எதையும் கொண்டுபோகாதீர்கள். வெற்றிலை பாக்கு, பழம், சேலை, மகன் கல்யாணப் பத்திரிகை, அது போதும். போனார். அத்தை வாசலிலேயே நிறுத்தி, "மாமன் தட்டு இப்பத்தான் வந்து சேருதாக்கும்?" என்று கேட்டாராம். அப்புறம் உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டிருக்கிறார். பத்திர விஷயத்தை இவர் கல்யாணம் முடிகிற வரைக்கும் எடுக்கவே இல்லை. மாடி அறை கல்யாணத்துக்குள் எழும்பவில்லைதான். ஆனால் அத்தை வந்து, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். சித்திரைத் திருவிழாவுக்கு வந்தால் அந்த மாடியில்தான் படுப்பேன் என்று ஒரு நிபந்தனையோடு.

வரிசையைக் கேட்டுக்கொள்ளுங்கள். தாசில்தார் ஆபீஸில் வாரிசுச் சான்று. அதை வைத்து விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினையோ பதிவு. அதற்குப் பிறகு பட்டா மாறுதல். இதெல்லாம் முடிந்துதான் நான் பிளான் போட உட்காருவேன். ஆடி, மார்கழியில் வீட்டு வேலை தொடங்க மாட்டோம் என்று சும்மா இருக்கிறீர்களே, காகித வேலைக்கு அந்த மாதங்களில் என்ன தடை?

இப்போது சுயசான்று முறை, அதாவது கட்டுகிறவரே எல்லாம் சரி என்று சான்று கொடுத்து அனுமதி வாங்கும் முறை, வந்திருக்கிறது. 2024 ஜூலையில் தொடங்கினார்கள். 2,500 சதுர அடிக்குள் மனை, நம் கணக்கில் ஐந்தே முக்கால் சென்ட் இருந்து, 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ மேலே ஒரு மாடியோ கட்டினால், ஆன்லைனில் விண்ணப்பித்து உடனே அனுமதி வாங்கிவிடலாம். நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் தருவோம் என்பது கிடையாது. நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கேயும் உரிமை ஆவணத்தை ஏற்றச் சொல்கிறதே! பட்டாவில் தாத்தா பெயர் இருந்தால் கம்ப்யூட்டர் அத்தை வீட்டுக்குத் தட்டு எடுத்துக்கொண்டு போகாது. எல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போடுவதும் நீங்கள்தான், நாளைக்குப் பதில் சொல்வதும் நீங்கள்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். கூட்டுப் பட்டாவை உட்பிரிவு செய்வது பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன், முடியாது போலிருக்கிறது. ஒன்றை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கீழக்குயில்குடி சமணர் மலை மாதிரி மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களை ஒட்டிக் குடியிருப்பவர்கள் கவனியுங்கள். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 100 மீட்டருக்குள் பழைய வீட்டைப் பழுதுபார்க்கலாம், அதற்கும் தனியாக அனுமதி உண்டு. ஊராட்சியில் வாங்கிய காகிதம் அங்கே போதாது. அந்தத் தூரத்தை மலையடிவாரத்திலிருந்து நீங்களாக அளக்காதீர்கள், எல்லை எங்கே என்று துறையிடம் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.