வினாக்கொத்தைக் கொஞ்சம் மூடி வையுங்கள்

(திருகோணமலையில், முதுமாணி ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் மாணவர்களும் சில ஆசிரியர்களும் கூடிய இடத்தில் பேசியது. பேச்சின் ஓட்டத்தை அதிகம் திருத்தாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். அறிவித்தலில் தலைப்பை "இயற்கை வளமும் சுற்றாடல் கல்வியும்: பட்டப்பின்படிப்பு ஆய்வுகள்" என்று போட்டுவிட்டார்கள், அதைப் பார்த்துப் பயந்து பின்வரிசையில் போய் இருக்கிறவர்கள் தயவுசெய்து முன்னுக்கு வாருங்கள், அவ்வளவு பெரிய விஷயம் ஒன்றும் என்னிடம் இல்லை. ஒரேயொரு குறையைத்தான் சொல்லப்போகிறேன், ஆனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

இந்தத் துறையில் எழுதப்படும் ஆய்வேடுகளின் முதுகுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போங்கள். "தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் தரம் 10 மாணவர்களின் சுற்றாடல் விழிப்புணர்வு: ஓர் ஆய்வு." அடுத்ததில் தரம் 10 போய்த் தரம் 11 வரும். அதற்கடுத்ததில் மாணவர் போய் ஆசிரியர் வருவார். ஐந்தாம் அத்தியாயத்தைத் திறக்காமலே முடிவைச் சொல்லிவிடலாம்: விழிப்புணர்வு இருக்கிறது, ஆனால் போதாது, ஆகவே கருத்தரங்குகள் நடத்தப்பட வேண்டும். எந்தக் கருத்தரங்கு, யாருக்கு, அதனால் எது மாறும் என்ற பேச்சே இருக்காது.

ஒருமுறை இறக்கக்கண்டிப் பக்கம் கரைவலை இழுத்து முடிந்த நேரத்தில் ஒரு மாணவர் வினாக்கொத்தோடு நின்றதைப் பார்த்தேன். நல்ல பிள்ளை, வெயிலையும் பொருட்படுத்தவில்லை. "முருகைக்கற்பாறைகளை (பவளப்பாறைகளை) பாதுகாப்பது அவசியம் எனக் கருதுகிறீர்களா? முற்றாக உடன்படுகிறேன், உடன்படுகிறேன், கருத்தில்லை" என்று வாசித்துக்கொண்டே போகிறார். வலையில் சிக்கிய சாதாளையைப் பிய்த்துக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "எதைப் போட்டால் உங்களுக்குப் பாஸ் வரும் தம்பி? அதையே போடுங்கோ." மாணவர் சிரித்துவிட்டு "முற்றாக உடன்படுகிறேன்" என்பதில் சரி போட்டார். அந்தச் சரியும் எங்கேயோ ஒரு சதவீதத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

பெரியவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. கேள்விதான் பிழை. வெடி வைத்து மீன் பிடித்தால் கல் சிதறும், குஞ்சு மீன் தங்காது என்பது இந்தக் கரையில் யாருக்குத் தெரியாது? வெடி வைக்கிறவனுக்கும்தான் தெரியும், சொல்லப்போனால் அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். அறிவு இல்லாததால்தான் கடல் கெடுகிறது என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிட்டு, பிறகு அறிவை அளக்க ஒரு கோலைத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1969இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஸ்டாப் என்ற பேராசிரியர் தன் பட்டப்பின்படிப்பு மாணவர்களோடு உட்கார்ந்து சுற்றாடல் கல்வி என்றால் என்ன என்று ஒரு வரைவிலக்கணம் எழுதினார். இன்று பாடப்புத்தகங்களில் வருகிற பல வரைவிலக்கணங்களுக்கு அதுதான் தாய். அதில் மூன்று விஷயம் இருக்கிறது: சூழலையும் அதன் சிக்கல்களையும் பற்றிய அறிவு, அந்தச் சிக்கலைத் தீர்க்க என்ன செய்யலாம் என்ற தெளிவு, செய்யவேண்டும் என்ற உந்துதல். மாணவர்கள் வகுப்பில் இருந்து எழுதிய ஒன்று உலகம் முழுக்கப் போனது எனக்குப் பிடித்த செய்தி. ஆனால் நாங்கள் மூன்றில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டோம். காரணம் லேசானது, அதைத்தான் வினாக்கொத்தால் அளக்கலாம்.

1987இல் ஹைன்ஸ், ஹங்கர்ஃபோர்ட், டொமேரா என்ற மூவர் அதுவரை வந்த 128 ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். மனிதர் சூழலுக்கு நல்லபடி நடப்பதோடு எவையெல்லாம் சேர்ந்து வருகின்றன என்பதுதான் கேள்வி. அறிவும் பட்டியலில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதோடு, என்ன செய்யவேண்டும் என்று திட்டமாகத் தெரிந்திருப்பது, செய்வேன் என்று வாயால் சொல்லியிருப்பது, பொறுப்புணர்வு, "நான் செய்தால் ஏதாவது நடக்கும்" என்ற நம்பிக்கை, இவையும் இருந்தன. கடைசியில் சொன்ன நம்பிக்கை நம்முடைய ஊரில் எவ்வளவு இருக்கிறது என்று யாராவது தேடினால் அது ஒரு ஆய்வு. முப்பது வருடப் போர், நடுவில் 2004 டிசம்பர் 26, அதற்குப் பிறகு எத்தனையோ நிறுவனங்கள் வந்து கணக்கெடுத்துவிட்டுப் போனது. இத்தனையும் பார்த்த ஒரு கிராமத்தில் "நான் செய்தால் நடக்கும்" என்பது சின்ன விஷயம் இல்லை.

சரி, வினாக்கொத்து வேண்டாம் என்றால் வேறு என்ன?

கண்ணால் பாருங்கள். நிலாவெளியிலிருந்து படகில் கொஞ்ச நேரத்தில் புறாமலைத் தீவு. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. கரையிலிருந்து இறங்கி சில அடி நடந்தாலே முருகைக்கல் தொடங்கிவிடுகிறது, அதுதான் அதன் அழகு, அதுதான் அதன் கஷ்டகாலமும். நீந்தத் தெரியாதவர் பாதுகாப்பு அங்கியைக் கட்டிக்கொண்டு இறங்குவார், முகமூடிக்குள் தண்ணீர் போகும், பதறுவார், காலை ஊன்ற இடம் தேடுவார், ஊன்றுவது உயிருள்ள கல்லின் மேல். அவரிடம் கரையில் வைத்துக் கேட்டால் முருகைக்கல்லைப் பாதுகாக்கவேண்டும் என்று முற்றாக உடன்படுவார். காலோ வேறு பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

எகிப்தின் ராஸ் முகம்மது கடற்பூங்காவில் இதே மாதிரி ஒன்றை அளந்தார்கள், முடிவு 1997இல் வெளிவந்தது. சுழியோடிகளைப் பின்தொடர்ந்து போய், கல்லில் எத்தனை தடவை உடம்பு படுகிறது என்று எண்ணினார்கள். விளக்கம் கொடுப்பதற்கு முன் 7 நிமிடத்துக்குச் சராசரி 1.4 தடவை. நன்றாக விளக்கிச் சொல்லி, தண்ணீருக்குள்ளும் காட்டிக்கொடுத்த பிறகு 0.4. அப்பாடா, சொல்லிக்கொடுத்தால் போதும் போலிருக்கிறது என்று நினைப்பீர்கள். 2004இல் சென்ட் லூசியாத் தீவிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது: இறங்கும் முன் சுருக்கமாகச் சொன்னது எதையும் மாற்றவில்லை, ஆனால் கூடவே நீந்திய வழிகாட்டி தவறு நடக்கும்போது தலையிட்டால் தொடுவது குறைந்தது.

இரண்டும் சரியாக இருக்கலாம். எங்களுக்கு எது பொருந்தும்? புறாமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் சுழியோடிகள் இல்லை, மேல்மட்டத்தில் மிதந்து பார்க்கிறவர்கள். வழிகாட்டி யார்? படகுக்காரத் தம்பி. என்னைக் கேட்டால் இந்த மாவட்டத்தின் முக்கியமான சுற்றாடல் ஆசிரியர்களில் அவரும் ஒருவர், ஆனால் எந்த ஆய்வேட்டிலும் கேள்வி கேட்கத் தெரிவுசெய்யும் ஆட்களுக்குள் அவர் வருவதில்லை. அவர் கரையில் சொல்வது உறைக்குமா, தண்ணீரில் கூட நின்று சொல்வது உறைக்குமா? இரண்டு குழு, ஒரு நீர்புகாத பலகை, ஒரு பென்சில். இதற்கு வெளிநாட்டு நிதி தேவையில்லை.

இன்னொன்று கிணறு. இதில் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் வளமும் கல்வியும் ஒரே இடத்தில் சந்திப்பது இங்கேதான்.

சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளி என்று வடக்கே போகப் போகக் கரையோரம் முழுக்க மணல். மணலுக்குள் மழைநீர் இறங்கி, கீழே இருக்கும் உவர்நீரின் மேல் எண்ணெய் போல மிதந்துகொண்டு நிற்கிறது. நூறு வருடத்துக்கு முன்பே கைபென், ஹேர்ஸ்பேர்க் என்ற இருவர் தனித்தனியாக இதன் கணக்கைப் போட்டிருக்கிறார்கள்: கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே 1 அடி இறங்கினால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். விடுதிக்கு மோட்டர், தோட்டத்துக்கு மோட்டர், வீட்டுக்கு மோட்டர் என்று நாளெல்லாம் ஓடினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத்தேவையில்லை. வாடைக்காற்றோடு மழை வந்தால் தண்ணீர் இனிக்கும், கச்சான் காற்று அடித்து முடிகிற ஆவணி வாக்கில் தேத்தண்ணி கரிக்கும். இது இங்கே எந்த அம்மாவுக்கும் தெரியும்.

சுனாமிக்குப் பிறகு கிணறுகளுக்குள் கடல் புகுந்தபோது, உதவிக்கு வந்தவர்களும் ஊராரும் சேர்ந்து இறைத்தார்கள், திரும்பத் திரும்ப இறைத்தார்கள். நல்ல மனதோடுதான். கிழக்குக் கரையில் பிறகு நடந்த ஆய்வுகள், இப்படி இறைப்பது உப்பைப் பெரிதாகக் குறைக்கவில்லை, மழைதான் குறைத்தது, அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உவர்நீர் மேலே இழுபடும் என்று காட்டின. அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. கிணறு இறைத்தவர்கள் தமிழிலும் சிங்களத்திலும் இருந்தார்கள்.

ஆகவே ஒரு பாடசாலையை எடுங்கள். பிள்ளைகள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு சோடாப் போத்தலில் கொண்டுவரட்டும். மின்கடத்துதிறன் அளக்கும் சின்னக் கருவி பேனா அளவுதான், நுனியை முக்கினால் எண் காட்டும், உப்பு கூடக் கூட எண்ணும் கூடும். ஐப்பசியில் தொடங்கி மறு ஐப்பசி வரை, மாதம் ஒரு தடவை. தண்ணீர்மட்டம் எத்தனை முழத்தில் இருக்கிறது என்று கயிறு விட்டும் பார்க்கலாம். பிள்ளைகளே வரைபடத்தில் நிறம் தீட்டட்டும். பிறகு நீங்கள் ஆய்வாளராகப் பார்க்கவேண்டியது, அந்தப் பிள்ளைகள் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்பதை இல்லை. வீட்டில் மோட்டர் ஓடும் நேரம் மாறியதா? அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் இதைப் பற்றிக் கதைத்தார்களா? யார் யாரோடு சண்டை பிடித்தார்கள்? சண்டையும் தரவுதான், எழுதி வையுங்கள்.

இது சின்ன வேலை என்று மேற்பார்வையாளர் முகம் சுளித்தால் எலினோர் ஒஸ்ட்ரம் பெயரைச் சொல்லுங்கள். பொருளியலுக்கான நோபல் பரிசை 2009இல் வாங்கிய அவர்தான் அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். 1965இல் அவர் கலாநிதிப் பட்டத்துக்குச் செய்த ஆய்வு என்ன தெரியுமா? லொஸ் ஏஞ்சலிஸ் பக்கம் கடலோரத்தில், எல்லாரும் போட்டிபோட்டு இறைத்ததால் நிலத்தடி நீருக்குள் கடல் ஏறிவந்தது. அந்த நீரைப் பயன்படுத்தியவர்கள் கூட்டம் கூடி, வழக்குப் போட்டு, பேரம் பேசி எப்படி ஒரு கட்டுப்பாட்டுக்கு வந்தார்கள் என்பதைக் கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்து பார்த்து எழுதினார். உவர்நீர்ப் பிரச்சினைதான். நம்முடைய கிணற்றடிப் பிரச்சினைதான்.

கேள்வி நேரத்தில் ஒரு தங்கை நகர மான்களைப் பற்றிக் கேட்டார். கோட்டைப் பக்கம் புள்ளிமான்கள் பொலித்தீன் பையைச் சவைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்காதவர் இந்த மண்டபத்தில் இல்லை. நல்ல தலைப்பு, ஆனால் மக்களின் விழிப்புணர்வை அளக்கப் போகாதீர்கள் என்றேன். குப்பை எந்த நேரத்தில் வீதிக்கு வருகிறது, வண்டி எந்த நேரத்தில் வருகிறது, மான் எந்த நேரத்தில் வருகிறது, இந்த மூன்றையும் ஒரு தாளில் போட்டாலே பாதி விடை கிடைக்கும். இரவில் வைக்காமல் காலையில் வையுங்கள் என்று ஒரு தெருவில் மட்டும் சொல்லிப் பாருங்கள்.

ஆய்வு முடிந்ததும் நாலு பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, தரவு தந்தவர்களின் கையில் கொடுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்னால் கொடுங்கள், பின்னால் இல்லை. அவர்கள் பிழை பிடித்தால் திருத்த அப்போதுதான் வசதி.

புறாமலையில் வேலை செய்ய நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: தேசியப் பூங்காவுக்குள் ஆய்வு செய்ய வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், அது கைக்கு வரக் காலம் எடுக்கும். வாடை தொடங்கினால் கடல் இறங்கவிடாது, உங்களுக்குக் கிடைப்பது மே தொடங்கி செப்டம்பர் வரை. தலைப்பு முடிவாகட்டும் என்று காத்திருக்காமல் விண்ணப்பத்தை முதலில் போட்டுவிடுங்கள்.